நீச்சலுடையின் பக்கத் தையல் ஏன் அலைகிறது, கால் தையல் ஏன் அறுகிறது: ஓவர்லாக்கில் லைக்ரா தைக்கும் முறை

நீங்கள் கேட்டிருப்பது இது. வீட்டிலுள்ள 4 நூல் ஓவர்லாக் மெஷினில் (துணி ஓரத்தைக் கத்தியால் சீவிக்கொண்டே நூலால் சுற்றித் தைக்கும் மெஷின்), நைலான் லைக்ரா துணியில், 9 வயது மகளுக்கு நீச்சலுடை தைத்திருக்கிறீர்கள். பக்கத் தையல் அலை அலையாக வந்துவிட்டது. மகள் அதைப் போடும்போது தொடைப் பக்கம் பட் பட்டென்று நூல் அறுகிறது. நூலின் இறுக்கத்தை, அதாவது டென்ஷனைக் குறைத்தால் தையல் பிளந்து நூல் தெரிகிறது, கூட்டினால் மறுபடி அறுகிறது. என்ன செய்வது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அலைவதும் அறுவதும் ஒரே கோளாறு அல்ல. தையலுக்குள் போதுமான நீளம் நூல் இல்லாததால் அறுகிறது. தைக்கும்போது துணி இழுபட்டதால் அலைகிறது. ஆனால் ஒன்று மற்றொன்றைக் கொண்டுவரும். சாதாரண தையல் மெஷினில் பழகியவர்கள், நூல் அறாமல் இருக்க லைக்ராவைக் கையால் இழுத்துப் பிடித்துத் தைப்பார்கள். அந்தப் பழக்கத்தோடு ஓவர்லாக்குக்கு வந்தால், அறுவதும் நிற்காது, அலையும் சேர்ந்து வரும். ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். முதலில் அறுவதைப் பார்ப்போம். உடுப்பு வீணாவது அதனால்தான்.

வெட்டுத்துண்டில் 10 செ.மீ. தைத்து, வெள்ளை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். 4 நூல் தையலில் (ஐ.எஸ்.ஓ. 4915 தரப் பட்டியலில் இதன் எண் 514) மேல் லூப்பர் நூலும் கீழ் லூப்பர் நூலும் துணியின் ஓரத்தைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் (லூப்பர் என்பது துணியைக் குத்தாமல் அதன் மேலும் கீழும் நூலைக் கொண்டுபோகும் வளைந்த கொக்கி). ஊசி நூல்கள் இரண்டும் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். 1 மீட்டர் தையலுக்கு சாதாரண மெஷின் தையல் சுமார் 2.5 மீட்டர் நூல் எடுக்கும்; 3 நூல் ஓவர்லாக் சுமார் 14 மீட்டர்; 4 நூல் அதற்கும் மேலே. அந்த நூலில் மிகப் பெரும்பகுதி லூப்பர்களுடையது. லூப்பர் நூல் வளைவுகளில் கிடப்பதால் தையலை இழுத்தால் அந்த வளைவு நிமிரும், நூல் அறாது. நேராகப் போகும் ஊசி நூலுக்கு நிமிர வளைவு இல்லை. அறுந்த இடத்தைப் பிரித்துப் பாருங்கள்: லூப்பர் நூல் முழுதாக இருக்கும், ஊசி நூல்தான் துண்டு துண்டாக வரும். எனவே நாம் காப்பாற்ற வேண்டியது ஊசி நூலை.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் விளங்கும். இரண்டு மடிப்பு லைக்ராவின் தடிப்பு 1.2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தையல் நீளம் 3 மி.மீ. என்றால், ஒவ்வொரு தையலுக்கும் ஊசி நூல் மேலே 3 மி.மீ. ஓடி, துணிக்குள் 1.2 இறங்கி 1.2 ஏறுகிறது: மொத்தம் 5.4 மி.மீ. இப்போது உடுப்பைப் போடும்போது அந்த இடம் 10 செ.மீ.யிலிருந்து 17 செ.மீ. வரை இழுபடுகிறது. 3 மி.மீ. இப்போது 5.1 மி.மீ. ஆகிறது. இழுபட்ட துணி மெலிந்து, தடிப்பு 0.8 மி.மீ.க்கு வரும். தேவைப்படும் நூல் 5.1 + 1.6 = 6.7 மி.மீ. கையிலிருப்பது 5.4. அதாவது நூல் தானாகவே 24 சதவீதம் நீண்டு கொடுக்க வேண்டும். நாம் வழக்கமாக வாங்கும் ஸ்பன் பாலியஸ்டர் நூல் 15 முதல் 20 சதவீதம் நீண்டதும் அறுந்துவிடும். பட்டென்ற சத்தம் அதுதான்.

அதே கணக்கை 2 மி.மீ. தையலுக்குப் போடுங்கள். கையிலிருப்பது 2 + 2.4 = 4.4, இழுபடும்போது வேண்டியது 3.4 + 1.6 = 5.0. நூல் 14 சதவீதம் நீண்டால் போதும். டென்ஷனைத் தொடாமல், நூலை மாற்றாமல், தையல் நீளத்தை 3-லிருந்து 2-க்குக் கொண்டுவந்ததும் தையல் தப்பித்துவிட்டது. 2.5-இல் வைத்தால் 19 சதவீதம் வரும்; அது விளிம்பில் நிற்பது, சில நாள் தாங்கும், சில நாள் தாங்காது. இது தோராயக் கணக்குதான், ஆனால் போகும் திசை மாறாது: சின்னத் தையல், கூடுதல் நூல், கூடுதல் இழுவை. நீச்சலுடையின் பக்கம், தோள், தொடையிடுக்குத் தையல்களுக்கு 2 மி.மீ. வையுங்கள், அங்குலத்துக்கு 12, 13 தையல். 1.5-க்குக் கீழே போக வேண்டாம். ஊசி ஓட்டைகள் அவ்வளவு நெருக்கமாக விழுந்தால் ஓரம் பலவீனமாகும், அலையும் கூடும்.

டென்ஷன் இதற்கு அடுத்தது. நீங்கள் டென்ஷனைத் தளர்த்தியதும் தையல் பல்லிளித்தது ஏனென்றால், 3 மி.மீ. தையலில் குறைந்த நூலை டென்ஷனால் ஈடுகட்டப் பார்த்தீர்கள். அந்த நூல் இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடிக்கும் இடத்திலேயே தொளதொளவென்று கிடக்கும். குறுக்கே இழுத்ததும் ஏணிப்படிபோல நூல் தெரியும். நீளத்தைச் சரிசெய்த பிறகு டென்ஷனில் சின்னத் திருத்தம்தான் தேவைப்படும்.

அந்தத் திருத்தத்தை எப்படிச் செய்வது? நான்கு நூலையும் நான்கு நிறத்தில் கோத்துக்கொள்ளுங்கள். மெஷின் மூடிக்குள் நூல் வழிகளுக்கு நிறப்புள்ளி இருந்தால் அதே நிறங்களாக இருந்தால் நல்லது. வரிசை முக்கியம்: மேல் லூப்பர், கீழ் லூப்பர், பிறகு வலது ஊசி, கடைசியாக இடது ஊசி. (சில மாடல்களில் லூப்பர்களின் வரிசை மாறும், கையேட்டைப் பாருங்கள். ஊசிகள் கடைசி என்பது மாறாது.) பாதி வேலையில் கீழ் லூப்பர் நூல் மட்டும் அறுந்தால் அதை மட்டும் கோத்து ஓட்டாதீர்கள். ஊசிகளின் நூலை வெளியே எடுத்துவிட்டு, லூப்பரைக் கோத்து, கடைசியில் ஊசிகளைக் கோத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஊசி நூல் லூப்பர் நூலைச் சிறைபிடித்து, நாலு தையலில் மறுபடி அறுக்கும். பலர் மெஷின் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவது இதற்காகத்தான். கோக்கும்போது மெஷினில் துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வையுங்கள். பெரும்பாலான மெஷின்களில் அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் விலகி, நூல் அவற்றுக்கு நடுவில் முழுதாக உட்காரும். தட்டுக்கு மேலேயே மிதக்கும் நூலுக்கு எந்த எண் வைத்தாலும் பலன் இல்லை.

இப்போது தைத்து, உள்பக்கத்தைப் பாருங்கள். மேல் லூப்பர் நிறமும் கீழ் லூப்பர் நிறமும் சரியாக வெட்டு ஓரத்தில் சந்திக்க வேண்டும். மேல் நிறம் கீழே புரண்டிருந்தால் மேல் லூப்பர் தளர்வு, அல்லது கீழ் லூப்பர் இறுக்கம். ஊசி நூல் கீழ்ப்பக்கம் சின்னப் புள்ளியாகத் தெரிய வேண்டும். வளையமாகத் தொங்கினால் ஊசி டென்ஷன் போதவில்லை. துண்டை விரித்துக் குறுக்கே இழுங்கள். முழு பலத்தில் நூல் மெல்லிய கோடாகத் தெரிந்தால் பரவாயில்லை, இடைவெளி தெரிந்தால் இடது ஊசியை அரை எண் கூட்டுங்கள். வலது ஊசியைத் தொடாதீர்கள். இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கோடு இடது ஊசியுடையது. ஒரு நேரத்தில் ஒரு டயல், அரை எண் மாற்றம், பிறகு ஒரு துண்டு தைத்துப் பார்ப்பது. நான்கையும் சேர்த்துத் திருப்பினால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

அடுத்து, குறியளவுச் சோதனை. தைத்த 20 செ.மீ. துண்டின் நடுவில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். அளவுகோல்மேல் வைத்து, அந்த 10 செ.மீ. 17 ஆகும்வரை மூன்று முறை இழுங்கள். சத்தம் வரக் கூடாது. துணி இன்னும் நீளத் தயாராக இருக்கும்போதே தையல் இழுத்துப் பிடிப்பதுபோல் கையில் உணர்ந்தால் அதுவும் தோல்விதான். உடுப்பைத் தொடும் முன் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். நீச்சலுடையில் பிரித்துத் தைப்பது கொடுமையான வேலை. லைக்ராவில் விழுந்த ஊசி ஓட்டை பருத்திபோல மூடாது.

நூலைப் பற்றி. ஊசிகளுக்கு நல்ல பாலியஸ்டர் நூல், டிக்கெட் எண் (நூலின் பருமனைச் சொல்லும் எண்) 120. பருத்தி நூல் கூடவே கூடாது. நீளாது, ஈரத்தில் கெடும். லூப்பர்களுக்கு முறுக்கில்லாமல் பஞ்சுபோலப் பொங்கியிருக்கும் டெக்ஸ்சர்ட் நூல் போடுங்கள். வூலி நைலான் என்று விற்பார்கள். பாலியஸ்டரிலும் உண்டு, கோட்ஸ் நிறுவனத்தின் கிராமாக்ஸ் அப்படிப்பட்டது. இரண்டில் பாலியஸ்டரை எடுங்கள். நீச்சல் குளத்துக் குளோரினுக்கு நைலானைவிட பாலியஸ்டர் அதிகம் தாங்கும். டெக்ஸ்சர்ட் நூல் மென்மையாக இருப்பதால் ஈர உடம்பில் உராயாது; ரப்பர்போல நீண்டு திரும்பும். திருப்பூரில் உள்ளாடை, ஸ்போர்ட்ஸ் உடுப்பு தைக்கும் கம்பெனிகளில் லூப்பருக்கு இதைத்தான் ஏற்றுகிறார்கள். அது பருமனாக இருப்பதால் டென்ஷன் தட்டுக்குள் தானாகவே இறுகும். வழக்கமாக லூப்பர் 4-இல் இருந்தால் 2-க்கு இறக்கித் தொடங்குங்கள். லூப்பர் நூல் இறுகினால் ஊசி நூலையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும். பிறகு நீங்கள் ஊசி டயலை என்ன செய்தாலும் அறுவது நிற்காது.

பொங்கிய நூல் லூப்பர் கண்ணில் நுழைய அடம்பிடிக்கும். சாதாரண நூல் 15 செ.மீ. எடுத்து இரண்டாக மடித்து, மடிப்பில்லாத இரண்டு முனைகளையும் முதலில் கண்ணுக்குள் விட்டு, மடிப்பில் உருவாகும் வளையத்துக்குள் பொங்கிய நூலின் முனையை மாட்டி இழுத்தால் சுலபமாக வந்துவிடும். கோனிலிருந்து வழுக்கி அடியில் சுருண்டு விழும் நூலுக்கு ஒரு வலைச் சட்டை போடுங்கள். பழைய நைலான் சாக்ஸின் குழாய்ப் பகுதியே போதும்.

ஊசியிலும் டெக்ஸ்சர்ட் நூலைப் போடலாமா என்று கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊசி மேலேறும்போது அதன் பின்னால் நூல் ஒரு சின்ன வளையமாக விரிய வேண்டும், லூப்பர் அந்த வளையத்துக்குள் நுழைய வேண்டும். பொங்கிய நூல் தெளிவான வளையம் கட்டாது, தையல் விட்டுப்போகும். ஊசியில் நீளும் நூல்தான் வேண்டுமென்றால் அதற்கென்றே வரும் செராஃப்ளெக்ஸ், மாராஃப்ளெக்ஸ் போன்றவற்றைப் பாருங்கள். விலை அதிகம். ஆனால் இடது ஊசிக்கு மட்டும் போட்டாலே தொடையிடுக்குத் தையலுக்கு நல்ல காப்பு.

ஊசியில் கஞ்சத்தனம் வேண்டாம். நீச்சலுடைத் துணியில் 100-க்கு 15 முதல் 20 பங்கு எலாஸ்டேன் இழை இருக்கும். நாம் லைக்ரா, ஸ்பேண்டெக்ஸ் என்பது அதைத்தான். துணிக்கு உயிர் அந்த இழை. கூர்முனை ஊசி அதைக் குத்தி அறுக்கும். உருண்டை முனை ஊசி கண்ணிகளை விலக்கிக்கொண்டு நடுவில் இறங்கும். அறுந்த எலாஸ்டேன் கொஞ்ச நாளில் வெள்ளை முடிபோலத் தையலோரம் நீட்டிக்கொண்டு வரும், அந்த இடத்தில் துணி தொய்ந்துவிடும். வீட்டு ஓவர்லாக்கில் எச்.ஏ.எக்ஸ்.1 எஸ்.பி. என்ற ஸ்ட்ரெச் ஊசி, 75/11 அளவு. உங்கள் மெஷின் வேறு வகை ஊசி கேட்டால் (இ.எல்.எக்ஸ்.705 கேட்பவை நிறைய உண்டு) அதிலேயே உருண்டை முனை வாங்குங்கள். கம்பெனி மெஷினுக்கு டி.சி.எக்ஸ்.27, உருண்டை முனை, 9 அல்லது 11. ஒவ்வொரு உடுப்புக்கும் புது ஊசி போடுங்கள். இரண்டையும் முழுதாக மேலே தள்ளி முடுக்குங்கள். இடது ஊசி வலதைவிடச் சற்று உயரமாகத் தெரியும், அது அப்படித்தான், சமப்படுத்த முயலாதீர்கள்.

ஆங்காங்கே தையல் விட்டுப்போனால், பத்தில் ஒன்பது இடத்தில் ஊசிதான் காரணம்: மழுங்கியது, தவறான வகை, முழுதாக ஏறாதது. பத்தாவது காரணம் பாதத்தின் அழுத்தம். அழுத்தம் ரொம்பக் குறைவாக இருந்தால், ஊசி மேலேறும்போது வழவழப்பான துணியும் அதோடு ஒட்டிக்கொண்டு எழும்பும். அப்போது வளையம் விரியாது.

இந்த அழுத்தம்தான் நம்மை அலைக்குக் கொண்டுவருகிறது. பாதம் துணியை அழுத்துகிறது, கீழே பல் துணியைத் தள்ளுகிறது. அழுத்தம் அதிகமானால் மேல் துணி பின்தங்கி நீண்டுவிடும். நீண்ட நிலையிலேயே தையல் அதைப் பூட்டிவிடும். பூட்டிய பிறகு அது திரும்பச் சுருங்க முடியாது. கீரை ஓரம்போல நெளியும். இதற்கு மருந்து மூன்று: டிஃபரென்ஷியல், குறைந்த அழுத்தம், இழுக்காத கை.

ஓவர்லாக்கில் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு ஜோடிப் பல் உண்டு. டிஃபரென்ஷியல் டயல் முன் பல்லின் ஓட்டத்தை மாற்றும். 1-இல் இரண்டும் சமம். 1.5 என்றால் பின் பல் 1 மி.மீ. நகரும்போது முன் பல் 1.5 மி.மீ. துணியை உள்ளே தள்ளும்; பாதத்தால் நீள இருந்த துணி நெருங்கி வந்துவிடும். 0.7 என்றால் எதிர்மாறு, துணியை இழுத்து நீட்டும். கீரை ஓர அழகு வேண்டியவர்கள் அதைத்தான் பயன்படுத்துவார்கள். நீச்சலுடைக்கு நேர் எதிரானது அது. டயல் அங்கே தங்கிவிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கண்மதிப்பில் டயலைத் திருப்பாதீர்கள், அளந்து பாருங்கள். ஒரே துணியில், ஒரே திசையில், துல்லியமாக 20 செ.மீ. நீளத்துக்கு நான்கு ஜோடித் துண்டு வெட்டுங்கள். 1, 1.3, 1.5, 2 என்று நான்கு டயலில் ஒவ்வொன்றைத் தைத்து, மேசையில் போட்டுத் தையல் கோட்டை அளங்கள். 20.8 வந்தால் 8 மி.மீ. நீண்டிருக்கிறது, அலை வரும். 19.3 வந்தால் சுருக்கு விழுந்திருக்கிறது. 20-ஐ ஒட்டி எது வருகிறதோ அது உங்கள் எண். பெரும்பாலான நைலான் லைக்ராவுக்கு 1.3-க்கும் 1.5-க்கும் நடுவில் வந்து நிற்கும். சரியாக 20 கிடைக்காமல் 20.2-க்கும் 19.8-க்கும் நடுவில் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், தயங்காமல் 19.8-ஐ எடுங்கள். அந்த 2 மி.மீ. சுருக்கம் உடம்பில் ஏறியதும் நிமிர்ந்துவிடும். நெருங்கித் தைத்த துணியில் ஒரு செ.மீ.க்குக் கூடுதல் நூல் இருப்பதால் அறாமலும் காக்கும். நீண்ட தையலுக்கு அப்படி எந்த லாபமும் இல்லை.

அழுத்தத்தை வழக்கமான நிலையிலிருந்து பாதி அளவுக்குத் தளர்த்துங்கள். தையல் விடத் தொடங்கினால் கொஞ்சம் திரும்பக் கூட்டுங்கள். கைக்கு வேலை வழிகாட்டுவது மட்டும்தான். பாதத்துக்கு முன்னால் துணி சற்றுத் தொளதொளப்பாக இருக்க வேண்டும். பின்னால் வரும் துணியைப் பிடித்து இழுக்கவே கூடாது. இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை: தைத்த பகுதி மேசை விளிம்பில் தொங்கினால் அதன் எடையே துணியை நீட்டும். மெஷினைச் சுற்றி இடம் ஒழித்து, துணி முழுதும் மேசையிலேயே கிடக்கும்படி செய்யுங்கள்.

தெருமுனைத் தையல் கடையில் பிளவுஸ் ஓரம் அடிக்கும் சிறிய 3 நூல் ஓவர்லாக்கில் பெரும்பாலும் டிஃபரென்ஷியல் இருப்பதில்லை. அதில் தைத்து வாங்குவதானால் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லி, துண்டுத் துணியில் தைத்துப் பார்த்த பிறகு உடுப்பைக் கொடுங்கள். 3 நூல் தையல் நீச்சலுடைக்கு ஏற்றதுதான். 4 நூலைவிட மெல்லியது, நன்றாக நீளும். ஆனால் ஊசி நூல் ஒன்று அறுந்தாலே அந்த இடம் திறந்துவிடும். 4 நூலில் இரண்டாவது ஊசி கொஞ்சம் காவல் காக்கும். குழந்தை உடுப்புக்கு 4 நூலே மேல். தனியாக ஒரு சங்கிலித் தையலும் சேர்ந்து வரும் 5 நூல் சேஃப்டி மெஷின் பேண்ட், சட்டைக்கானது. இந்த வேலைக்கு வேண்டாம்.

துணியை வெட்டுவதிலேயே பாதிச் சிக்கல் தொடங்குகிறது. ரோலில் இறுக்கிச் சுற்றியிருந்த லைக்ரா வெட்டிய பிறகும் சுருங்கும். ஓர் இரவு மேசையிலோ தரையிலோ விரித்துப் போட்டு, தொங்கவிடாமல், ஓய்வு கொடுங்கள். இரண்டு திசையிலும் இழுத்து, எந்தப் பக்கம் அதிகம் நீள்கிறதோ அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றி வரும்படி பேட்டர்னை வையுங்கள். குண்டூசி வேண்டாம். துணியில் ஓட்டை விழும், கத்திக்கு அடியில் போனால் கத்தியும் போகும். எடை வைத்து வெட்டி, தைக்கும்போது கிளிப் போடுங்கள். தையலுக்கு 7 மி.மீ. விட்டு, கத்தி அதில் 1 மி.மீ. சீவிக்கொண்டு போகட்டும், லைக்ரா ஓரம் சுருளும் குணமுள்ளது, சீவிய ஓரம்தான் தையலுக்குள் சீராக உட்காரும். நிறைய சீவ விட்டால் கத்தி துணியைத் தள்ளிவிடும். சீவல் நாடாபோலத் தொடர்ச்சியாக வர வேண்டும். தூள் தூளாக வந்தாலோ ஓரம் கடித்ததுபோல் இருந்தாலோ கத்தி மழுங்கிவிட்டது.

தையல்கள் ஒன்றையொன்று வெட்டும் இடம், முக்கியமாகத் தொடையிடுக்கு, தடிப்பால் தொல்லை தரும். ஒரு தையலின் ஓரத்தை முன்பக்கமும் மற்றதின் ஓரத்தைப் பின்பக்கமும் சாய்த்துவிட்டால் தடிப்பு பிரிந்துவிடும். அந்த இடத்தை வேகமாகக் கடக்காமல் கைச்சக்கரத்தால் நாலைந்து தையல் போடுங்கள்.

ஓவர்லாக்கில் பின்தையல் கிடையாது. முனையை அப்படியே வெட்டிவிட்டால் நான்கே நாளில் பிரியும். தொடங்கும்போது: துணி இல்லாமல் 5 செ.மீ. சங்கிலி ஓட்டுங்கள். துணியில் இரண்டு தையல் போட்டு நிறுத்தி, ஊசியைத் துணியில் இறக்கி, பாதத்தைத் தூக்கி, பின்னால் இருக்கும் சங்கிலியை இடது பக்கமாகச் சுற்றி முன்னால் கொண்டுவந்து, தையல் விழப்போகும் இடத்தில் கிடத்தித் தொடருங்கள். சங்கிலி தையலுக்குள்ளேயே புதைந்துவிடும். முடிக்கும்போது: துணி முடிந்ததும் ஒரே ஒரு தையல் வெளியே போட்டு, ஊசி, பாதம் இரண்டையும் தூக்கி, மெஷின் தட்டின் விரல்போன்ற முனையில் மாட்டியிருக்கும் நூலை மெல்ல நழுவவிட்டு, துணியைப் புரட்டிப் பாதத்துக்கு முன்னால் கொண்டுவந்து, வந்த வழியிலேயே 2 செ.மீ. மேல்தையல் போட்டு ஓரமாக வெளியேறுங்கள். இது கைகூடாவிட்டால் சங்கிலியை மழுங்கிய பெரிய ஊசியில் கோத்து, லூப்பர் நூல்களுக்கு அடியில் 3 செ.மீ. நுழைத்துவிடுங்கள். வேறொரு தையல் குறுக்கே வந்து மூடும் முனைகளுக்கு இது எதுவும் வேண்டியதில்லை.

கால், கழுத்து, கை ஓரங்களுக்கு எலாஸ்டிக். நீச்சலுடைக்கென்று விற்கும் ரப்பர் டேப்போ குளோரின் தாங்கும் எலாஸ்டிக்கோ வாங்குங்கள். பாவாடை, பைஜாமாவுக்கு விற்பதை இதில் போட்டால் சீக்கிரம் நொய்ந்துபோகும். குழந்தைக்கு 6 மி.மீ., பெரியவர்களுக்கு 8 அல்லது 10. கழுத்துக்கும் கைக்கும் ஓரத்தின் நீளமே எலாஸ்டிக்கின் நீளம், மிஞ்சினால் 5 சதவீதம் குறைவு. காலுக்கு முன் வளைவில் சமம், பின்பக்கத்தில் 10 முதல் 15 சதவீதம் குறைவு. கால் முழுதுக்கும் ஒரே அளவில் குறைத்தால் முன்பக்கம் இறுகித் தொடையிடுக்கை வெட்டும், பின்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். பக்கத் தையலிலும் தொடையிடுக்கிலும் எலாஸ்டிக்கில் குறி வைத்து, குறியோடு குறி சேர்த்து, எலாஸ்டிக்கை மட்டும் இழுங்கள், துணியை அல்ல. உள்பக்கத்தில் ஓரத்தோடு ஓரம் வைத்து, கத்தியை மடக்கிவிட்டுத் தையுங்கள். வெட்டுப்பட்ட ரப்பர் அந்த இடத்திலிருந்து கிழியத் தொடங்கும். இங்கே மட்டும் தையல் நீளம் 3 மி.மீ. ரப்பரில் நெருக்கமாக ஓட்டை போட வேண்டாம். எலாஸ்டிக் இழுத்த நிலையில் தைப்பதால் விட்ட பிறகு தையல் தானாகவே நெருங்கிவிடும், நூல் பற்றாக்குறை வராது. இழுக்காமல் சமமாகத் தைக்கும் முன் காலிலும் கழுத்திலும் 2.5-க்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒருமுறை உள்ளே மடித்து மேல்தையல். பேட்லாக் (ஃபிளாட்லாக்) மெஷின் கிடைத்தால் இரண்டு ஊசித் தையல்தான் மிகச் சிறந்தது. கிடைக்காவிட்டால் சாதாரண மெஷினில் ஜிக்ஜாக், அகலம் 3, நீளம் 3, ஓரத்தைச் சற்று இழுத்துப் பிடித்து. இழுப்பதை நான் அனுமதிக்கும் ஒரே இடம் இது. உள்ளேயிருக்கும் எலாஸ்டிக் துணியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இரட்டை ஊசி போட்டு சாதாரண மெஷினில் தைப்பது பார்க்க பேட்லாக்போல இருக்கும், ஆனால் கால் ஓரத்தில் அடிநூல் அறுந்தே தீரும்.

கையிலிருக்கும் உடுப்பைத் தூக்கிப் போட வேண்டாம். தொடையில் அறுந்த தையலைப் பிரிக்காமல், லூப்பர் நூல்களை அப்படியே விட்டு, சாதாரண மெஷினில் 75/11 ஸ்ட்ரெச் ஊசி போட்டு, இடது ஊசி ஓடிய கோட்டின்மேலேயே குறுகிய ஜிக்ஜாக் ஓட்டுங்கள்: அகலம் 1, நீளம் 2. அறுந்த இடத்துக்கு இரு புறமும் 3 செ.மீ. கூடுதலாகப் போங்கள். பக்கத் தையல் அலைக்கு: குளிர்ந்த நீரில் நனைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றி, தையலைக் கையால் நெருக்கிவிட்டு, படுக்கைவாட்டில் காயவையுங்கள், அலை சற்று அடங்கும். இஸ்திரிப் பெட்டியை மேலே வைக்காதீர்கள், எலாஸ்டேனுக்குச் சூடு ஆகாது. அதற்கும் அடங்காவிட்டால், பக்கத்தில் ஒரு செ.மீ. விட்டுக்கொடுக்க இடம் இருக்குமானால், பழைய தையலை முழுதுமாகக் கத்தியிலேயே சீவவிட்டு, 2 மி.மீ. நீளத்திலும் நீங்கள் அளந்து கண்ட டிஃபரென்ஷியலிலும் புதிதாக ஒரு தையல் போட்டுவிடுங்கள். மகள் வளர்ந்துகொண்டிருப்பவள், இடம் விடாமல் இறுக்கமாக வெட்டியிருந்தால் அந்த ஒரு செ.மீ.யைத் தொடாமல் அலையோடேயே விட்டுவிடலாம், உடம்பில் ஏறி நனைந்ததும் பெரிதாகத் தெரியாது.